போர்த்துக்கீசியம் படிக்க இப்போதே லிஸ்பனுக்குக் கிளம்பலாமா?

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 21 வயது மாணவி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். ஊர்ப் பங்குக் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவருக்குப் போர்த்துக்கீசிய மொழி மேல் ஆசை வந்திருக்கிறது. ஒன்றரை வருடமாகக் கைப்பேசிச் செயலியில் தினமும் படிக்கிறார். பல்கலைக்கழகத்தில் போர்த்துக்கீசிய மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றையும் முறையாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு.

சென்னையில் ஓர் ஏஜென்ட், "லிஸ்பனில் ஒரு வருடக் கோர்ஸ், அப்படியே டிகிரி, கட்டணம் வருடத்துக்கு 697 யூரோதான், எல்லாம் இங்கிலீஷில், ஐந்து வருடத்தில் பாஸ்போர்ட்" என்று சொல்லியிருக்கிறார். 25,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போகிறார்கள். அப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். "போர்ச்சுக்கீசு படிச்சு யாருக்குக் கடுதாசி எழுதப் போற?" என்பது அவர் கேள்வி. "இனிமேல் மொழிபெயர்ப்பெல்லாம் மெஷினே செஞ்சிரும்" என்கிறான் பிளஸ் டூ படிக்கும் தம்பி. குடும்பப் பெயர் பெர்னாண்டோ என்பதால் போர்ச்சுகல் குடியுரிமைக்கு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறார். பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒன்று: அந்த இரண்டரை லட்சத்தைக் கட்டாதீர்கள். பத்திரத்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் காட்டிய வழிதான் தவறு. நானும் உங்கள் வயதில் இந்த மொழிக்குள் வந்தவள், இன்றுவரை அதை வைத்துத்தான் வாழ்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் எது உண்மை

697 யூரோ என்பது கற்பனைத் தொகை அல்ல. போர்ச்சுகலின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்நாட்டு மாணவர்களும் ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்களும் இளங்கலைக்குப் பல ஆண்டுகள் கட்டிவந்த உச்சவரம்பு அது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். வெளி நாட்டவருக்கென்று 2014இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி பல்கலைக்கழகங்கள் தனிக் கட்டணம் வைத்துக்கொள்ளலாம். கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு அது வருடத்துக்கு 7,000 யூரோ என்று இருந்துவருகிறது. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே ஏழு லட்சம். மூன்று வருட இளங்கலைக்கு இருபத்தோரு லட்சம், சாப்பாடும் வாடகையும் தனி. லிஸ்பனில் ஓர் அறை கிடைப்பது இப்போது எவ்வளவு சிரமம் என்பதை அங்கே படிக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

"ஒரு வருடக் கோர்ஸ்" என்று அவர் சொல்வது வெளிநாட்டவருக்கான மொழி, பண்பாட்டு வகுப்பு. லிஸ்பன், கோயிம்ப்ரா இரண்டு பல்கலைக்கழகங்களின் கலைப்புலங்களும் அதை நடத்துகின்றன, நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் முடிவில் கிடைப்பது சான்றிதழ், பட்டம் அல்ல. அது "அப்படியே டிகிரி" ஆகாது. பட்டம் என்றால் மூன்று வருட லிசென்சியாத்துரா (இளங்கலை), அல்லது அதற்கு மேல் இரண்டு வருட மெஸ்த்ராது (முதுகலை). நீங்கள் பி.ஏ. முடிக்கப் போகிறவர். மறுபடி இளங்கலையில் உட்கார வேண்டிய தேவையே இல்லை, மெஸ்த்ராதுவுக்கே விண்ணப்பிக்கலாம். இதை அந்த ஏஜென்ட் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் இங்கிலீஷில் என்பது சுத்தப் பொய். போர்ச்சுகலில் சில பொறியியல், மேலாண்மைப் படிப்புகள் ஆங்கிலத்தில் உண்டு. போர்த்துக்கீசிய இலக்கியத்தை ஆங்கிலத்தில் எப்படி நடத்துவார்கள்? சிலப்பதிகாரத்தை இந்தியில் நடத்தும் தமிழ்த்துறை உண்டா? வகுப்பு, தேர்வு, கட்டுரை எல்லாம் போர்த்துக்கீசியத்தில்தான். மெஸ்த்ராதுவில் தாக்குப்பிடிக்க, ஏ1இல் தொடங்கி ஏ2, பி1, பி2 என்று சி2 வரை ஏறும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2 நிலையாவது வேண்டும். நீங்கள் அனுப்பிய போர்த்துக்கீசியப் பத்தியைப் படித்தேன். வினைச்சொற்களில் தடுமாற்றம் இருக்கிறது, ஆனாலும் ஏ2வைத் தாண்டிவிட்டீர்கள். ஆசிரியர் இல்லாமல் இந்த அளவு வந்ததற்கு மனதாரப் பாராட்டுகிறேன்.

கட்டிய 25,000 ரூபாயை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீது, வாட்ஸாப் செய்திகள், "697 யூரோ" என்று அடித்த துண்டறிக்கை எதையும் அழிக்காதீர்கள். பொய்யான தகவலை நம்பிக் கட்டிய பணம் நுகர்வோர் வழக்குக்கு உரியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இனி எந்தக் கல்லூரிப் பெயரை யார் சொன்னாலும் போர்ச்சுகல் அரசின் உயர்கல்வி இணையப் பட்டியலில் அது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பெர்னாண்டோ என்ற பெயரும் பாஸ்போர்ட்டும்

இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. கோவா, டாமன், டையூவில் போர்த்துக்கீசிய ஆட்சி 1961 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் பிறப்பைப் போர்ச்சுகலில் பதிந்து குடியுரிமை கோருகிறார்கள். அது கோவாக்காரர்களின் கதை. முத்துக்குளித்துறையில் உங்கள் முன்னோருக்குப் போர்த்துக்கீசியப் பெயர்கள் வந்தது 1530களில் தொடங்கிய ஞானஸ்நானத்தோடு. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. பெயர் தங்கியது, குடியுரிமை உறவு எதுவும் தங்கவில்லை. படிக்கப் போய் அங்கே வருடக்கணக்கில் சட்டப்படி வசித்தால் விண்ணப்பிக்கலாம் என்பது வேறு வழி. அந்த வருடக் கணக்கை இறுக்கும் முயற்சிகளும் அண்மைக் காலத்தில் நடந்திருக்கின்றன. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காக இலக்கியம் படிக்கப் போனால் இலக்கியமும் கசந்துவிடும்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்

செயலியில் படிப்பவர்கள் பலர், பல்கலைக்கழகப் படிப்பு என்றால் அதே பேச்சுப் பயிற்சியை இன்னும் வேகமாகச் செய்வது என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. ஒலியியல், வரலாற்று இலக்கணம், கொஞ்சம் லத்தீன், இடைக்காலப் பாடல்கள், பதினாறாம் நூற்றாண்டுக் காவியம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், பிறகு பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டி என்று விரியும். வாரம் ஒரு நாவல் படிக்கச் சொல்வார்கள். முதல் அரையாண்டில் அழாதவர்கள் குறைவு.

ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் சந்தோஷம் ஒன்று உண்டு, அதை நான் சொல்லாமல் விடமாட்டேன். கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்துக்கு 1290இல் வித்திட்ட அரசன் தினிஸ் தானே ஒரு கவிஞன். அவன் பாடியதாக 137 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்குக் 'கந்திகா த அமீகு' என்று பெயர், காதலன் பாட்டு. பாடியவன் ஆண், பேசுவது பெண். பிரிந்துபோனவன் எங்கே என்று அவள் தாயிடம் சொல்கிறாள், தோழியரிடம் சொல்கிறாள், பைன் மரத்துப் பூக்களைக் கேட்கிறாள். மார்த்தின் கோதாஷ் என்பவர் பாடிய ஒரு பாட்டில் ஒருத்தி வீகோ கடலின் அலைகளிடம், என் அவனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். வகுப்பில் அந்த அலைப் பாட்டைப் பேராசிரியர் வாசித்தபோது சுற்றி இருந்தவர்கள் அருஞ்சொற்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. தலைவி, தோழி, தாய், கடலை நோக்கி இரங்கல்... இது நெய்தல் அல்லவா? ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி, வேறு கண்டம். ஆனால் அகத்திணை படித்த மாணவி அந்தப் பாடலில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று உடனே தேடுவாள். அந்தக் கண் மற்றவர்களுக்குப் பயிற்சியால்தான் வரும், உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டது. தமிழ் மீடியத்தில் படித்தேன், அதனால் பின்தங்கிவிடுவேனோ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. போர்த்துக்கீசியக் கவிஞர் கமோயிஷ் 1572இல் வெளியிட்ட காவியம் வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் போற்றுவது. பத்துக் காண்டம், 1,102 செய்யுள். அழகான மொழி. அந்தக் கப்பல்களைத் தொடர்ந்து போர்த்துக்கீசியர் வந்திறங்கிய கரையிலிருந்து வருகிறவர் நீங்கள். அதை வாசிக்கும்போது கோபமும் வரும், வரட்டும். இன்றைய துறைகளில் அதே மேசையில் ஆப்பிரிக்க எழுத்தாளர்களையும் வைத்துத்தான் பேசுகிறார்கள். போர்த்துக்கீசிய இலக்கியத்துக்கான மிகப் பெரிய பரிசான கமோயிஷ் பரிசை 2021இல் பெற்றவர் மொசாம்பிக்கின் பவுலினா ஷிசியான்.

செயலியில் படித்தது பிரேசில் உச்சரிப்பு, அது வீணா என்று கேட்டீர்கள். வீணில்லை. மொழி ஒன்றுதான், காது மட்டும் இரண்டு வேண்டும். பிரேசில்காரர் உயிரெழுத்துகளை விரித்துச் சொல்வார், லிஸ்பன்காரர் விழுங்கிவிடுவார். 'தெலெஃபோன்' என்று எழுதியிருப்பது லிஸ்பனில் 'த்ல்ஃபோன்' என்று காதில் விழும். லிஸ்பன் போன முதல் வாரம் ரொட்டிக் கடையில் ஓர் அம்மா என்னிடம் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டார். "பார்சலா?" என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் படித்துவிட்டுப் போன எனக்கு அது விளங்கவில்லை. கையால் பை காட்டிய பிறகே புரிந்தது. தினமும் அரை மணி நேரம் போர்ச்சுகல் வானொலி கேளுங்கள், காது திறக்கும். பேருந்துக்கும் ரயிலுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இரண்டு நாட்டிலும் வேறு வேறு சொல். அது யாழ்ப்பாணமும் திருநெல்வேலியும் மாதிரி, பழகிக்கொள்ளலாம்.

அப்பாவின் கேள்வி

உங்கள் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அவரிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். அவர் வாயில் வந்த 'கடுதாசி' என்ற சொல்லே போர்த்துக்கீசியக் 'கர்த்தாஸ்' என்பதிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் ஓடும் வணிகக் கப்பல்கள் போர்த்துக்கீசியரிடம் வாங்கி வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டுக்கு அதே பெயர். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சரக்கு போய்விடும். கப்பல் காகிதம் பார்ப்பவருக்கு இது சட்டென்று புரியும். வீட்டில் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துறைமுகத்தில் பீப்பாய் என்று அவர் நாள் முழுவதும் அந்த மொழியின் சொற்களைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கு வரும் கொட்டை முந்திரி எங்கிருந்து வருகிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். கினி-பிசாவு என்ற பெயரை அவர் பில்லில் பார்த்திருப்பார். அங்கே ஆட்சி மொழி போர்த்துக்கீசியம். நாம் துவரை வாங்கும் மொசாம்பிக்கிலும் அதுதான். இருபது கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் பிரேசிலுக்கு நம் மருந்துக் கம்பெனிகள் சரக்கு அனுப்புகின்றன, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகும் ஆவணங்களுக்குப் போர்த்துக்கீசியம் வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை அலுவலகங்களில் பிரேசில் வாடிக்கையாளரைக் கவனிக்கவும் மொழி தெரிந்தவரைத் தேடுகிறார்கள். கோவாவில் 1867ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய சிவில் சட்டத்தின் குடும்பம் பற்றிய பகுதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. பழைய நிலப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் அந்த மொழியில் இருப்பதால் வக்கீல்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. சாதாரணக் கடிதம், கையேடு இவற்றை மட்டும் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள், அந்த வேலை சுருங்கிவருகிறது. மொழியோடு இன்னொன்றைச் சேர்த்து வைத்திருப்பவருக்குத்தான் இடம்: சட்டம், மருந்து, வணிகம், அல்லது உங்களைப் போல வரலாறு. பதிவேட்டுக் கையெழுத்தைப் படித்துக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

வரலாறு என்று வரும்போது, தமிழும் போர்த்துக்கீசியமும் சேர்ந்து தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் ஆதங்கம். புன்னைக்காயலில் உழைத்த அன்ரீக்கே அன்ரீக்கஸ் அடிகளார் தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார், கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் கைபட்ட நூல். அதற்கு முன்னரே, 1554இல், லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ப்ரொயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் வந்தது. லிஸ்பனின் தோரே தோ தோம்பு ஆவணக் காப்பகத்தில் கீழைக் கடற்கரை பற்றிய காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போர்த்துக்கீசியக் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. அந்தப் பெயர் நம் ஊரில் எது என்று கண்டுபிடிக்க நம் ஆள்தான் வேண்டும்.

என் யோசனை

இந்த வருடம் பி.ஏ.வை நல்ல மதிப்பெண்ணோடு முடியுங்கள். கூடவே ஒரு நல்ல ஆசிரியரிடம் இணையவழி வகுப்பில் சேருங்கள். வாரம் பத்து மணி நேரம் விடாமல் உழைப்பவர்கள் ஒன்றரை வருடத்தில் பி2வைத் தொடுவதை என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு மையம் நடத்தும் தேர்வுகளில் பி1 நிலைக்கு 'தெப்லெ', பி2 நிலைக்கு 'திப்லெ'. அந்தச் சான்றிதழ் எங்கும் செல்லும்.

அடுத்து கோவா. தாலெய்காவ் மேட்டில் இருக்கும் கோவா பல்கலைக்கழகத்தில் போர்த்துக்கீசிய, லூசோஃபோன் (போர்த்துக்கீசியம் பேசும் நாடுகள் பற்றிய) ஆய்வுகளுக்கென்று தனிப் பிரிவும் எம்.ஏ. படிப்பும் உண்டு. மொழி தெரிந்து வருபவரையே எதிர்பார்ப்பார்கள், என்ன நிலை வேண்டும் என்று அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். பனாஜியில், மொழியைப் பரப்பும் போர்ச்சுகல் அரசு அமைப்பான கமோயிஷ் நிறுவனத்தின் மொழி மையமும் ஃபொந்தாய்ன்யாஸ் தெருக்களில் ஓரியந்தே அறக்கட்டளையும் இருக்கின்றன, ஆவணக் காப்பகமும் அதே ஊர். வீட்டுப் பத்திரத்தைத் தொடாமல் படித்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய காரணம். டெல்லிதான் வசதி என்றால் டெல்லி பல்கலைக்கழகத்தில் சான்றிதழ், பட்டயப் படிப்புகள் உண்டு.

லிஸ்பனோ கோயிம்ப்ராவோ அதற்குப் பிறகு, உதவித்தொகையோடு. கமோயிஷ் நிறுவனமும் ஓரியந்தே அறக்கட்டளையும் மொழி படிப்பவருக்கு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பத்தில் அவர்கள் தேடுவது மொழிச் சான்றும் தெளிவான ஆய்வு நோக்கமும்தான், இரண்டும் அப்போது உங்கள் கையில் இருக்கும். பிரேசிலையும் மறக்காதீர்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. மொழித் தகுதிக்கு 'செல்ப்பி-பிராஸ்' என்ற தேர்வு. தூரமும் விமானச் செலவும்தான் சிக்கல்.

போகும் நேரம் வந்தால் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்ல அப்போஸ்டில் முத்திரை, மாணவர் விசா, அங்கே இறங்கியதும் குடிவரவு முகமையில் வசிப்பிட அட்டை என்று வேலைகள் வரும். அந்த அட்டைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. அப்போது எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய பக்கம். இரண்டாம் வரியில் 'எஃப், ஆர், இசட்' என்று மூன்று எழுத்து, மேலே ஒரு சுழி. அது பெர்னாண்டஸ். எழுதியவர்கள் மையும் காகிதமும் மிச்சம் பிடிக்கச் சுருக்கி எழுதுவார்கள். 'ஆர், ஓ, ஐ, இசட்' என்று பார்த்தால் ரொட்ரீகஸ் என்று படியுங்கள். மூன்றாம் வரி "ஃபில்யா லெஜிதிமா", முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்த மகள். நான்காவதில் ஞானத்தந்தை, ஞானத்தாய். ஐந்தாம் வரியை ஈரம் தின்றுவிட்டது. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுங்கள், பக்கத்தை அழுத்தி விரிக்க வேண்டாம். எடுத்த படங்களின் படி ஒன்றைப் பங்குத்தந்தையிடமும் கொடுத்துவையுங்கள்.

ஆறாவது வரியில் குழந்தையின் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: "மரின்யேய்ரு". கப்பலோடி. அதை அப்பாவுக்குக் காட்டுங்கள்.